கிழக்குப் பாதையை அடைக்கும் திட்டம்: ஆட்சேப மனுவில் என்ன எழுத வேண்டும்?

தோப்புவீடு (இழையைத் தொடங்கியவர்)

கேரள - தமிழ்நாடு எல்லையில், கோபாலபுரத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடையில் இருக்கும் நம் ஊரின் கிழக்குப் பாதையை, வாய்க்கால் பாலத்தை ஒட்டி இரண்டு இடங்களில் குழி வெட்டியும் எல்லைக்கல்லின் பக்கத்தில் கான்கிரீட் தூண் நட்டும் நிரந்தரமாக அடைக்கப் போவதாக ஓர் அறிவிப்பு சென்ற புதன்கிழமை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. எந்தத் துறை ஒட்டியது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அறிவிப்பு முழுவதும் மலையாளத்தில் இருந்ததால், பள்ளியில் மலையாளம் படிக்கும் என் மகள்தான் சுவருக்கு முன்னால் நின்று எங்கள் பத்துப் பேருக்கும் வாசித்துச் சொன்னாள். ஸ்பிரிட் கடத்துபவர்களும், தமிழ்நாட்டு ரேஷன் அரிசியைக் கொண்டு வருபவர்களும், கழிவு ஏற்றிய லாரிகளும் சோதனைச் சாவடியைத் தவிர்த்து இது போன்ற ஊடுவழிகளில் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம்.

என் வீடு கேரளத்தில் இருக்கிறது, என் தோப்பும் மாட்டுக் கொட்டகையும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நடுவில் எழுநூறு மீட்டர். பால் கறக்க நாளுக்கு இரண்டு முறை போய்வருவதற்கு இப்போது மூன்று கிலோமீட்டர்கூட ஆவதில்லை. பாதையை அடைத்து விட்டால் சாவடியைச் சுற்றித்தான் போக வேண்டும், ஒரு நடைக்கு ஒன்பது கிலோமீட்டர், நாளுக்கு முப்பத்தாறு கிலோமீட்டர். நம் ஊரில் என்னைப் போலப் பதினேழு குடும்பங்கள் இருக்கின்றன, நானே நேரில் போய்க் கணக்கெடுத்தேன்.

அடைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2020-இல் ஊரடங்கின்போது இதே இடத்தில் ஆளுயரத்துக்கு மண்ணைக் கொட்டினார்கள். அந்த ஏப்ரலில் என் மாடு ஒன்று ராத்திரி பதினொரு மணிக்குக் கன்று போட முடியாமல் தவித்தது. பின்னங்கால்கள் முதலில் வெளியே வந்திருந்தன. நம் பஞ்சாயத்து மிருக ஆஸ்பத்திரி டாக்டர் தகவல் கிடைத்ததும் புறப்பட்டு வந்து விட்டார், ஆனால் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்க அவருக்கு அனுமதி இல்லை. மாட்டை மேட்டருகே ஓட்டிவந்து பனைமரத்தில் கட்டினேன். அவர் மேட்டின் மேலே டார்ச் விளக்குடன் நின்றுகொண்டு, கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும் என்றும், இடுப்பு வெளியே வந்து விட்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது என்றும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நான் இழுத்தேன். கிடாரிக் கன்று, பிழைத்துக் கொண்டது. என் மகள் அதற்குத் 'தாண்டி' என்று பெயர் வைத்தாள். அன்றைக்கு நோய் பரவியது, அதற்காக நாங்களும் பொறுத்துக் கொண்டோம். இன்றைக்கு என்ன நோய் என்று கேட்கிறேன்.

மனுவில் எதை முன்னால் வைக்க வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதவும்.

கிணத்தடி

தோப்புவீட்டு அண்ணா கோபித்துக் கொள்ளக் கூடாது. நான் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பகுதியில் இருப்பவன். பாதையை அடைப்பது எனக்குச் சம்மதம், அதற்குக் காரணமும் இருக்கிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை என் கிணற்று மேட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட சாக்குகள் கிடந்தன. பிரித்துப் பார்த்தால் குளுகோஸ் ஏற்றும் குழாய்கள், ஊசிகள், இரத்தக் கறை படிந்த பஞ்சு, பாதி மருந்து மிஞ்சிய குப்பிகள். அள்ளிய ஆளின் கையில் ஊசி குத்தி, அவரை மூன்று மாதம் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு அலைந்தேன். இரவு இரண்டு மணிக்கு லாரி வந்த சத்தத்தை நானே கேட்டேன், வைக்கோல் வண்டி என்று நினைத்துப் புரண்டு படுத்து விட்டேன். அந்த லாரி வந்தது உங்கள் கிழக்குப் பாதை வழியாகத்தான்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து ஊருக்கு ஊர் கொட்டியிருந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அங்கே தீர்ப்பாயம் வந்தது. என் கிணற்று மேட்டுக்கு யாரும் வரவில்லை. நான்தான் கூலி கொடுத்து அள்ளினேன். உங்களுக்கு அது எழுநூறு மீட்டர் பாதையாக இருக்கலாம், எனக்கு அது கழிவு வந்து இறங்கும் வாசலாக இருக்கிறது.

நார்மில்_முதல்ஷிப்ட்

ஆண்கள் எல்லோரும் வண்டிக் கணக்கையே பேசுகிறீர்கள். அந்தப் பாதையில் காலை ஐந்தே முக்காலுக்கு நடந்து போகிறவர்கள் நாங்கள்தான். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார் மில்களுக்கு நம் தெருவிலிருந்து மட்டும் இருபத்திரண்டு பெண்கள் போகிறோம். அதில் மொபட் வைத்திருப்பவர்கள் நான்கு பேர். சாவடி வழியாகச் சுற்றிப் போக அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஒரு நாள் தாமதமானால் அரைச் சம்பளம் போய் விடும். குழி வெட்டினால் லாரி மட்டும் நிற்காது, நாங்களும் நின்று விடுவோம். மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் இருட்டில் யார் விழுவார்கள் என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

பால்சங்கம்_பழையவர்

கிணத்தடி தம்பி சொல்வதில் பொய் இல்லை. அந்தச் சாக்குகளை நானும் பார்த்தேன். ஆனால் பாதையை அடைத்தால் லாரி வராது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரக்கு லாரிக்கு இன்றைக்கு ஊடுவழியே தேவையில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டு விட்டன. இப்போது மின்வழிச் சீட்டு (ஈ-வே பில்) கையில் இருந்தால் லாரி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய் விடுகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பவர் அரிது. மதுவுக்கும் போலீசுக்கும் உள்ள சோதனைகள் இன்னும் இருக்கின்றன, அது சரி. ஆனால் கழிவைக் கொட்டுகிறவன் கோழித் தீவனம் என்று சீட்டுப் போட்டுக்கொண்டு பெரிய சாலையில் வருவதற்கு யார் தடை? நம் பாதையை அடைத்தால் அவன் அடுத்த பாதையில் திரும்புவான், அல்லது உங்கள் ஊருக்கு நெடுஞ்சாலை வழியாகவே வருவான். கடத்துகிறவனுக்கு ஒன்பது கிலோமீட்டர் என்பது இரண்டு லிட்டர் டீசல். பால் கேனுடன் போகிற ஆளுக்கு அது ஒரு வேளைப் பிழைப்பு. சங்கத்தில் காலை ஏழரைக்கு அளவை முடிந்து விடும். அதற்குப் பிறகு கொண்டு வருகிற பாலை வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் வெயில் ஏறிய பால் கெட்டு விடும்.

ரேஷன் அரிசியையும் நேர்மையாகப் பேசுவோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி கொடுக்கிறார்கள், இந்தப் பக்கம் அதே அரிசிக்கு விலை இருக்கிறது. அந்த வித்தியாசம் இருக்கிற வரைக்கும் மூட்டை நடக்கும். அது ஆம்னி வேனிலும் இருசக்கர வண்டியிலும் போகிறது. கள்ளும் அப்படித்தான். சித்தூர்த் தாலூகாவின் தோப்புகளிலிருந்து கேரளம் முழுவதற்கும் பெர்மிட்டுடன் கள் போகிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சட்டங்கள் இரண்டாக இருக்கிற இடத்தில் ஆசையும் இருக்கத்தான் செய்யும், அதற்கு ஊர்ப் பாதையைத் தண்டிப்பதில் நியாயமில்லை.

சங்கிலி

நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உணர்ச்சியைத் தள்ளி வைத்து விட்டு, தாளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில், அந்தப் பாதை யாருடையது என்ற கேள்வி. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 1994-இல் வந்தவை. நெடுஞ்சாலை போன்றவை நீங்கலாக, ஊருக்குள் இருக்கும் பொதுப் பாதைகள் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை என்று இரண்டு சட்டங்களும் சொல்கின்றன. ஆகவே பாதையின் மேற்குப் பாதி இந்தப் பஞ்சாயத்துடையது, கிழக்குப் பாதி அந்த ஊராட்சியுடையது. வேறொரு துறை குழி வெட்டுவதானால் பஞ்சாயத்து அதற்குச் சம்மதித்துத் தீர்மானம் போட்டதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நம் பஞ்சாயத்தின் ஆஸ்திப் பதிவேட்டில் இந்தப் பாதை எந்த எண்ணில், எத்தனை மீட்டர் அகலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரே ஒரு விண்ணப்பம் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆட்சேபத்துக்குத் தந்த கெடுவும் முப்பது நாள்தான் என்பதால், விண்ணப்பத்தை நாளைக்கே போட்டு விடுவது நல்லது. கிழக்குப் பக்கத்தில் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பாருங்கள். அங்கே 'வண்டிப்பாதை' என்று இருந்தால் நமக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டாவது, மொழி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் நாம் நம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஆகவே மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். பாதி ஊர் வாசிக்க முடியாத மொழியில் ஒட்டிய அறிவிப்பை வைத்து, மக்களிடம் கருத்துக் கேட்டு விட்டோம் என்று சொல்ல முடியாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் கணக்கில் இதுதான் நம்முடைய மிக வலுவான வாதம், ஆனால் எல்லோரும் இதைக் கடைசி வரியில் போட்டு விடுகிறார்கள்.

மூன்றாவது, கிராம சபை. கேரளத்தில் அது வார்டு வாரியாகக் கூடுகிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கோரம் சேரும். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி போன்ற குறித்த நாட்களில் ஊராட்சி முழுவதற்கும் சேர்த்து நடக்கிறது. இரண்டு பக்கமும் தீர்மானம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால், மறுபக்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி விடுவார்கள். இதற்காகத்தான் கிணத்தடி தம்பியை நாம் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

நான்காவது, முன் நிகழ்ச்சி. 2020-இல் கர்நாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளில் மண் கொட்டியபோது எதிர்த்து நின்றது கேரளம்தான். தேசிய நெடுஞ்சாலையில் போட்ட தடைகளை நீக்க வேண்டும் என்று ஏப்ரல் 1-ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைச் சாலைகள் இரண்டில் குறுக்கே சுவர் எழுப்பினார்கள், எதிர்ப்பு வந்ததும் அதை இடித்தார்கள். தொற்றுக் காலத்தில்கூட நிலைக்காத தடை இது. கேரளம் அன்று தன் மக்களுக்காகப் பேசிய வாதத்தையே நாம் இன்று கேரளத்தின் முன் வைக்கிறோம்.

ஒருவேளை மனு நிலுவையில் இருக்கும்போதே குழி வெட்டி விட்டால், பொதுப்பாதையில் உள்ள சட்டவிரோதத் தடையை நீக்கக் கோரி நிர்வாக நடுவரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு. ஆனால் வெட்டிய பிறகு மூடச் சொல்வதை விட வெட்டாமல் பார்த்துக் கொள்வது எளிது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம் எல்லை ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இருந்த எல்லை. இரு தரப்புக்கும் நடுவில் பொருளுக்குச் சுங்கம் வாங்கிய காலம் உண்டு. 1865-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷாரும் செய்துகொண்ட உடன்பாட்டில் அந்த இடைச்சுங்கம் போயிற்று. மன்னர் காலத்தில் திறந்த வழியை இன்று குழி வெட்டி மூடுவதா என்று மனுவில் ஒரு வரி எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அதிகாரிகளுக்கு அது அலங்காரமாகத் தோன்றும் என்பதால் வேண்டாம்.

கோவையிலிருந்து

ஊரில் பிறந்து வெளியூரில் இருப்பவன் என்பதால் ஒரு சிறு யோசனை மட்டும். குழிக்குப் பதிலாக உயரத் தடுப்புக் கம்பி போடச் சொல்லலாமே? பெரிய லாரி நுழையாது, மற்றவை போகும்.

கிணத்தடி

கம்பியின் உயரம் எவ்வளவு? அதைச் சொல்லாமல் யோசனை மட்டும் சொன்னால் எனக்குப் பயனில்லை. என் கிணற்று மேட்டுக்கு வந்தது பெரிய டிப்பராகத்தான் இருக்க வேண்டும், சக்கரத் தடம் அப்படி இருந்தது. ஆனால் அடுத்த முறை அவன் சின்ன வண்டியில் வந்தால்?

தோப்புவீடு

நேற்று அளந்து பார்த்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு டேப் பிடித்ததில், சுழல் விளக்குடன் எட்டடி ஒன்பது அங்குலம் வருகிறது. பால் வேன் அதை விடத் தாழ்வு. ஆக ஒன்பதடியில் கம்பி போட்டால் ஆம்புலன்சுக்கு மூன்று அங்குலம் மிஞ்சும். பாரம் கட்டிய டிப்பர் நுழையாது. சின்ன வண்டி நுழையும், உண்மைதான். அதற்குப் புளியமரத்து வளைவில் ஒரு கேமரா வைக்கலாம், அங்கே எந்த வண்டியும் நடைவேகத்தில்தான் திரும்ப முடியும், எண் தெளிவாக விழும்.

ஆனால் எனக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து வரும் நெல் அறுவடை எந்திரம் ஒன்பதடிக்குள் அடங்காது, வைக்கோல் லாரியும் அடங்காது. ஆகவே கம்பி கீலில் திறக்கும்படி இருக்க வேண்டும், பூட்டுப் போட வேண்டும், சாவி ஊருக்குள் இருக்க வேண்டும்.

பால்சங்கம்_பழையவர்

சாவி சங்கத்தில் இருக்கட்டும். யார், எந்த வண்டிக்கு, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம்.

கிணத்தடி

சங்கம் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. கழிவு என் பக்கத்தில் கொட்டப்படுகிறது. சாவியை உங்களிடம் கொடுத்து விட்டு நான் நோட்டுப் புத்தகத்தை நம்பிக்கொண்டு தூங்க வேண்டுமா? இரண்டு பூட்டுப் போடுங்கள். ஒரு சாவி சங்கத்தில், மற்றது என் வீட்டில். இரண்டும் இல்லாமல் கம்பி திறக்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொண்டால், மனுவில் முதல் பத்தியிலேயே கழிவைப் பற்றி எழுதினால், என் கையெழுத்தும் என் பக்கத்து வீட்டார் கையெழுத்தும் வரும். கழிவைக் கடைசியில் ஒரு வரியாக எழுதினால் நான் போடமாட்டேன்.

நார்மில்_முதல்ஷிப்ட்

இரண்டு பூட்டும் இருக்கட்டும், ஆனால் கம்பிக்குக் கீழே நடப்பவர்களுக்கும் மொபட்டுக்கும் எந்த நேரமும் தடை இருக்கக் கூடாது என்று தனி வரியாக எழுதுங்கள். 'பொதுமக்கள் வசதி' என்று பொதுவாக எழுதினால் அது எங்களுக்கு வந்து சேராது.

தோப்புவீடு

தம்பி கேட்ட இரண்டு பூட்டுக்கு எனக்குச் சம்மதம். பால்சங்கத்து மாமாவும் போனில் சரி என்று சொல்லி விட்டார், கொஞ்சம் முனகினார், அது வேறு விஷயம். மனுவின் தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தவும்:

"எங்கள் ஊரின் கிழக்குப் பாதையைப் பயன்படுத்தி இரவு நேரங்களில் மருத்துவக் கழிவு உள்ளிட்ட கழிவுகளைக் கொண்டுவந்து எல்லைக்கு இருபுறமும் உள்ள விவசாய நிலங்களில் கொட்டுவதை, அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களாகிய நாங்களே முதலில் கண்டிக்கிறோம், அதைத் தடுக்கக் கனரக வாகனங்கள் நுழையாதபடி ஒன்பதடி உயரத்தில் பூட்டுடன் கூடிய தடுப்பும் கண்காணிப்புக் கேமராவும் அமைத்துத் தர வேண்டுகிறோம், ஆனால் பாதையைக் குழி வெட்டி நிரந்தரமாக அடைப்பது, நாள்தோறும் கால்நடையாகவும் இருசக்கர வண்டியிலும் வேலைக்கும் கொட்டகைக்கும் போகும் எங்களை மட்டுமே தடுக்கும் என்பதால் அதை முழுமையாக ஆட்சேபிக்கிறோம்."

சங்கிலி

'எல்லைக்கு இருபுறமும்' என்பதை எடுத்து விடுங்கள். கழிவு கொட்டப்பட்டது ஒரு புறத்தில்தான், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் சந்தேகிப்பார்கள். 'நாங்களே முதலில்' என்பதும் மிகை. மற்றபடி நன்றாக இருக்கிறது. பாதை எந்தப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் இருக்கிறது என்ற கேள்வியையும், அறிவிப்பைத் தமிழில் மறுபடி ஒட்டி முப்பது நாளை அன்றிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கையையும் இரண்டாவது பத்தியாகச் சேருங்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக் கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் செய்ய வேண்டாம், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பி விடலாம்.

கிணத்தடி

திருத்தியதை வாசித்தேன், சரி. கையெழுத்துத் தாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், ஊராட்சித் தலைவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது ஒரு டேப்பும் எடுத்து வாருங்கள் அண்ணா. அந்த ஒன்பதடியை எல்லைக்கல் பக்கத்தில் ஒரு மூங்கிலில் குறித்து வைத்து, என் டிராக்டர் டிரெய்லரை ஒரு முறை அதன் அடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.